மேலே ஏறிய பள்ளம்

மழை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட மனுஷியைப் புதுக்கோட்டைச் சீமையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் வேண்டிக்கொண்டேன். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு புரட்டாசி மாதம் முழுக்க, ஊரே அண்ணாந்து மேகத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் வானம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து மூச்சு விட்டேன். இரண்டு வருஷமாக மழை சரியில்லாத ஊர். நான் வேண்டுவது யாருக்காவது தெரிந்திருந்தால் விளக்குமாற்றால் அடித்துத் துரத்தியிருப்பார்கள். அப்படிச் செய்திருந்தால் அதில் தப்பும் இல்லை.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. தெரியாது என்று சொல்லத் தெரியாத வயது. புதுக்கோட்டையில் டிரெய்னிங் முடித்து, கொடும்பாளூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் ஆரம்பப் பள்ளி வேலை கிடைத்தது. அந்த ஊரில் குடியிருக்கச் சரியான வீடு கிடைக்கவில்லை. அதனால் முக்கால் மைல் தள்ளி இருந்த பெரிய ஊரில் ஒரு வீடு பிடித்து, அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா இல்லை. தினமும் காலையில் பெரிய ஊரிலிருந்து சின்ன ஊருக்கு நடந்து போவேன், சாயங்காலம் திரும்பி வருவேன். ஊர்களின் பெயரைச் சொல்ல எனக்கு மனமில்லை. பெரிய ஊர், சின்ன ஊர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இரண்டு ஊருக்கும் தண்ணீர் ஒரே மலையிலிருந்து வந்தது. மலை என்று நாங்கள் சொல்வதை மலை நாட்டுக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். நாலைந்து மொட்டைப் பாறைகள் சேர்ந்து கிடக்கும், இடையில் சூரைப் புதர். ஆனால் மொட்டைப் பாறை ஒரு சொட்டையும் குடிக்காது. ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் அத்தனையும் சரிந்து கீழே ஒரு ஓடையில் சேரும். அந்த ஓடைக்கு வாரி என்று பெயர். வாரி மலையை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரத்தில் ஒரு தட்டைப் பாறையில் முட்டி இரண்டாகப் பிரியும். அந்தப் பாறையைப் பிரிகல் என்பார்கள். வலது கை பெரிய ஊர்க் கண்மாய்க்குப் போகும், அது நெல்லுக்கு. இடது கை சின்ன ஊர் ஊருணிக்குப் போகும், அது குடிப்பதற்கு. சின்ன ஊரில் கிணறு தோண்டினால் உப்புக் கரிக்கும். அந்த ஊருணியில் ஐப்பசியில் சேர்கிற தண்ணீர்தான் அடுத்த ஆடி வரைக்கும் அறுபது வீட்டுக்கும் வாய்க்கு ஈரம்.

பிரிகல்லுக்குக் கீழே, வலது கை வாரி ஒரே கல்லாகக் கிடக்கும். ஆட்டுக்குட்டி அளவு, எருமை அளவு, இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் அகப்படாத அளவு. நான் தினமும் அதைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போக வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல் கல்லாகத் தாண்டும்போது எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். இந்தக் கல்லை எல்லாம் யாராவது ஒதுக்கினால் என்ன என்று தோன்றும். பிற்பாடு நான் செய்த காரியத்தில் இந்த எரிச்சலுக்கும் ஒரு பங்கு இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

வாரியைச் சுத்தம் செய்வதற்கு அங்கே ஒரு முறை உண்டு. பிரிகல்லுக்குக் கீழே வலது கை முழுவதும் பெரிய ஊர் பாடு, இடது கை முழுவதும் சின்ன ஊர் பாடு. ஒரு ஊர் வாரியில் இன்னொரு ஊர்க்காரன் மண்வெட்டி வைக்கக் கூடாது. வைத்தால் வெட்டுக்குத்துதான். பெரிய ஊரில் வாரியை மூங்கில் கோலால் அளந்து, அடுப்பு எரிகிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு பிரித்துவிடுவார்கள். உன் கோல், என் கோல் என்று சொல்வார்கள். அவரவர் கோலில் முள்ளை வெட்டுவதும் மண்ணை அள்ளுவதும் அவரவர் வேலை. உடம்புக்கு முடியாதவர்கள் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், அந்த ஆள் எந்த ஊர் என்று முறையில் இல்லை. அளப்பது கண்மாய்ப் பக்கமிருந்து ஆரம்பிக்கும் என்பதால் பழைய குடும்பங்களுக்குக் கீழே நல்ல இடம் கிடைக்கும். நாங்கள் கடைசியாக வந்த வீடு. பிரிகல்லுக்கு நேர் கீழே, கல் அதிகமாகக் கிடந்த, நடந்தால் இருபது எட்டு வைக்கிற நீளத் துண்டு எங்கள் தலையில் விழுந்தது. அம்மா, "வாடகை வீட்டுக்காரிக்கு வாரியில என்னடி பங்கு" என்று முணுமுணுத்தாள்.

அந்த வருஷம் ஆனி மாதம் பெரிய ஊர்ச் சாவடியில் கூட்டம் போட்டார்கள். போன இரண்டு வருஷமும் மலையில் பெய்த கொஞ்சம் மழையும் கண்மாய்க்கு வந்து சேரவில்லை, வழியிலேயே தேங்கித் தேங்கி மண்ணுக்குள் போய்விட்டது. என்ன செய்யலாம் என்பதுதான் பேச்சு. பஞ்சாயத்துத் தலைவர் என்னையும் அழைத்திருந்தார். படித்த ஆள் ஒன்று கூட்டத்தில் இருந்தால் அழகு என்று நினைப்பவர் அவர். பாதி விளையாட்டாக, "டீச்சர், ஒங்க புஸ்தகத்துல இதுக்கு என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

நான் எழுந்து, நாளைக் காலையில் காட்டுகிறேன் என்றேன். மறுநாள் சாவடிக்கு இரண்டு பலகை கொண்டுபோனேன். இரண்டும் ஒரே நீளம். ஒன்றை வெறுமனே சாய்த்து வைத்தேன். இன்னொன்றில் களிமண் அப்பிக் கூழாங்கல் பதித்து அதே சாய்வில் வைத்தேன். இரண்டு செம்பு தண்ணீரை ஒரே நேரத்தில் ஊற்றச் சொன்னேன். வெறும் பலகையில் தண்ணீர் சர்ரென்று கீழே வந்துவிட்டது. கல் பதித்த பலகையில் அங்கங்கே முட்டி, குழியில் தேங்கி, சோம்பேறி மாதிரி வந்தது. "பார்த்தீங்களா, சாய்வு ரெண்டுக்கும் ஒண்ணுதான். வழியில கெடக்குற கல்லுதான் தண்ணியைப் பிடிச்சு வைக்குது" என்றேன். சாவடியே கை தட்டியது. என் வாழ்க்கையில் பெரியவர்கள் கூடி எனக்குக் கை தட்டியது அன்றைக்குத்தான் முதல் தடவை. அந்தக் கை தட்டல் ஒரு வாரம் காதில் இருந்தது.

பலகை கரையாது. மண் கரையும். இந்த இரண்டு வரியை அன்றைக்கு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவள் நான்தான்.

ஆடியில் கல் எடுக்கிற வேலை நடந்தது. கடப்பாரை, வடம், இரண்டு ஜோடி மாடு. அவரவர் கோலில் இருந்த கல்லைப் புரட்டிக் கரையில் தள்ளினார்கள். நல்ல கல்லாகப் பார்த்துத் தலைவர் தன் மாட்டுக்கொட்டகை அஸ்திவாரத்துக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கள் கோலுக்கும் ஆள் வைத்துச் சுத்தமாக எடுத்தோம். அது கண்மாயிலிருந்து தொலைவு என்பதால் அந்தக் கல்லை யாரும் ஏற்றிக்கொண்டு போகவில்லை, கரையிலேயே கிடந்தது. வாரி தார் ரோடு மாதிரி ஆகிவிட்டது. நான் செருப்போடு கடந்து போனேன்.

ஆவணியில் முதல் மழை. மத்தியானம் மலையில் ஒரு மணி நேரம்தான் பெய்தது. முன்பெல்லாம் அந்த அளவு மழைக்குக் கண்மாயில் புழுதிகூட அடங்காது. அன்றைக்கு அரை மணியில் தண்ணீர் வந்து, சாயங்காலம் மடைக் கல்லின் அடி நனைந்தது. ஊர் முழுக்கக் கண்மாய்க் கரையில் நின்றது. தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் அன்னைக்கே சொன்னேன்ல, கல்லை எடுங்கடான்னு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னார். நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன், என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் குமுறினேன். "என் யோசனையைத் திருடிட்டான் மனுஷன்" என்றேன். அம்மா, "திருடிட்டுப் போறான், ஒனக்கென்ன. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றாள். அன்றைக்கு ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை, அவ்வளவு கோபம்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகும்போது வாரியைக் கடக்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு வெட்டு தெரிந்தது. கல் எடுத்த தரை அந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குச் சட்டென்று இறங்கியிருந்தது, யாரோ மண்வெட்டியால் படி வெட்டினது போல. தண்ணீர் வேகத்தில் ஏதோ பறித்திருக்கிறது, அடுத்த மழையில் மூடிக்கொள்ளும் என்று நினைத்துத் தாண்டிப் போனேன்.

புரட்டாசி முதல் வாரம் இன்னொரு மழை. மறுநாள் போய்ப் பார்த்தால் அந்த வெட்டு அதே இடத்தில் இல்லை. நான் கடக்கிற இடத்துக்கு மேலே போயிருந்தது. அந்தப் புது இடத்திலிருந்து கீழே கண்மாய் வரைக்கும் வாரித் தரை முழுவதும் முழங்கால் அளவு தாழ்ந்து கிடந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. தண்ணீர் கீழ் நோக்கித்தான் ஓடும், பள்ளம் எப்படி மேல் நோக்கிப் போகும்? கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். வெட்டின் உதட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. வடிகிற தண்ணீர் கீழே விழுந்து, விழுந்த இடத்தில் மண்ணைத் தோண்டி, உதட்டின் அடியைக் குடைந்தது. அடி குடைந்ததும் மேலே இருந்த மண் பொத்தென்று விழுந்தது. வெட்டு அரையடி மேலே நகர்ந்தது. என் கண் முன்னாலேயே நகர்ந்தது. முன்பு இதே தண்ணீர் கல்லில் முட்டிக் கல்லடிக் குழியில் விழுந்து, தன் வேகத்தை அங்கங்கே செலவழித்துவிட்டுப் போயிருக்கிறது. இப்போது செலவழிக்க இடம் இல்லாமல் அத்தனை வேகத்தையும் மண்ணில் காட்டியது.

நான் எழுந்து வெட்டிலிருந்து மேலே நடந்தேன். நூற்று இருபது எட்டில் பிரிகல் வந்தது. அதன் முன்னால் நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. பிரிகல்லில் தண்ணீர் இரண்டாகப் பிரிவதற்கு ஒரே காரணம், இரண்டு கை வாரியின் தரையும் அந்த இடத்தில் சரிசமமாக இருப்பதுதான். வெட்டு இங்கே வந்து சேர்ந்தால் வலது கை முழங்கால் அளவு தாழ்ந்துவிடும். பிறகு எந்தத் தண்ணீர் மேட்டுக்கு ஏறி ஊருணிக்குப் போகும்? மலையில் பெய்கிறது அத்தனையும் கண்மாய்க்குப் போய்விடும். பெரிய ஊர்க்காரர்கள் தங்கள் எல்லையைத் தாண்டி ஒரு கல்லைத் தொடவில்லை, முறைப்படி ஒரு குற்றமும் செய்யவில்லை. சின்ன ஊர்க்காரர்கள் தாகத்தில் செத்தாலும் முறைப்படி யாரையும் கேட்க முடியாது.

அன்றிலிருந்துதான் மழை வேண்டாம் என்று வேண்டத் தொடங்கினேன். அடுத்த தூறலுக்குப் பிறகு நூற்று இருபது எட்டு எழுபதாயிற்று. அப்புறம் ஐம்பத்தைந்து. போகும்போதும் வரும்போதும் எண்ணுவேன். சில நாள் சந்தேகம் வந்து திரும்பிப் போய் மறுபடி எண்ணுவேன். மேகம் கறுத்தால் வகுப்பில் என்ன பாடம் நடத்துகிறேன் என்பதே மறந்துவிடும். அம்மா எனக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று விபூதி வாங்கி வந்தாள்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. சின்ன ஊர்க்காரர்களுக்கு யோசனை சொன்னது யார் என்று தெரிந்துவிடுமோ என்கிற பயம். என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் அம்மா பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தார். அவர் வீட்டுக்காரர் பாறை உடைக்கிற வேலை. அந்தம்மா பெரிய வாய்க்காரி, நல்ல மனசுக்காரி. அப்போது ஊருணியில் தண்ணீர் அடியில் கிடந்தது. படிக்கட்டு முழுக்க இறங்கி, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைய அரை மணி ஆகும். அவர் திரும்பி வரும்போது என்னைப் பார்த்து, "ஐப்பசி பொறந்துட்டா கவலை இல்ல டீச்சர். மலையில ஒரு அடி அடிச்சாப் போதும், ரொம்பிரும்" என்பார். ஆமாம் என்று தலையை ஆட்டுவேன். ஒருநாள் வகுப்பில் அந்தப் பெண், "டீச்சர், தண்ணி ஏன் கல்லுல நொரைச்சுக்கிட்டு வருது?" என்று கேட்டாள். வேறு பக்கத்தைத் திருப்பச் சொல்லி அதட்டிவிட்டேன். நான் பிள்ளைகளைக் கேள்விக்காக அதட்டினது அந்த ஒரு தடவைதான்.

நாற்பது எட்டு ஆனபோது தலைவரைப் போய்ப் பார்த்தேன். புதுக் கொட்டகையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். எடுத்த கல்லைத் திரும்ப வாரியில் போட வேண்டும், ஐப்பசி மழைக்கு முன்னால், என்றேன். கண்மாய் வாயில் மணல் மேடு விழுந்திருக்கிறது, அது உங்கள் கண்மாய்க்கும் கேடு என்றேன். அவர் வைக்கோலை உதறிக்கொண்டே கேட்டார். அப்புறம் சிரித்தார்.

"கல்லை எடுத்ததுக்கு ஊரு என்னையக் கொண்டாடுது. இப்ப எடுத்த கல்லைப் போடுங்கடான்னு சொன்னா என்னைய என்னன்னு நெனைப்பாங்க?"

"சின்ன ஊருக்குக் குடிக்கத் தண்ணி போகாதுங்க."

"அங்கிட்டு எல்லைக்குள்ள நாம யாராச்சும் கால் வச்சமா? இல்லையே. அப்புறம் என்ன." கையில் இருந்த வைக்கோலைக் கீழே போட்டார். "ஒண்ணு சொல்றேன் டீச்சர், கோவிச்சுக்காதீங்க. யோசனை ஒங்களோடது. செஞ்சது நானு. கெட்டுப்போச்சுன்னா ரெண்டு பேருக்கும் பங்கு உண்டு. சின்ன ஊர்ல சம்பளம் வாங்குறது நீங்கதான், நான் இல்ல."

இத்தனை நாளும் தன் யோசனை என்று ஊரெல்லாம் தமுக்கடித்த மனுஷன், என்னுடையது என்று வாய் திறந்து ஒத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அப்படியே திரும்பிவிட்டேன்.

வீட்டுக்குப் போகவில்லை. வாரிக்குத்தான் போனேன். பிரிகல்லைத் தாண்டி மேலே, யாரும் கல் எடுக்காத பொதுப் பகுதியில் ஏறி நடந்தேன். அங்கே கல் இஷ்டத்துக்குச் சிதறிக் கிடக்கிறது என்றுதான் அது வரைக்கும் நினைத்திருந்தேன். உற்றுப் பார்த்தால் அப்படி இல்லை. பெரிய கல் நாலைந்து ஒன்றுக்கொன்று தோள் கொடுத்துக் குறுக்கே ஒரு வரிசை. அதன் இடுக்கில் எல்லாம் சின்னக் கல் இறுகியிருந்தது. வரிசைக்குக் கீழே ஒரு குழி, குழியில் தண்ணீர். ஏழெட்டு எட்டு தள்ளி மறுபடி ஒரு வரிசை, மறுபடி ஒரு குழி. ஒவ்வொரு வரிசையிலும் தண்ணீர் விழுந்து, குழிக்குள் சுழன்று, களைத்துப்போய் வெளியே வந்தது. யாரும் கட்டினதில்லை, வெள்ளமே உருட்டி உருட்டி வைத்த படிக்கட்டு. நான் பலகையில் களிமண் அப்பிக் காட்டியதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஊருக்கு யோசனை சொல்வதற்கு முன்னால் முந்நூறு எட்டு மேலே நடந்து வந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லையே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பிரிகல்லுக்குக் கீழே எங்கள் கோலில் நின்றேன். அங்கே வந்தபோதுதான் உறைத்தது. இருபது எட்டு இடம் என்னுடையது. என் கோலில் நான் என்ன செய்தாலும் கேட்க எவனுக்கும் முறை கிடையாது. வெட்டு பிரிகல்லுக்குப் போக வேண்டுமானால் என் கோலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மறுநாள் அந்தம்மாவிடம் போய், உங்கள் வீட்டுக்காரர் எனக்கு வேலைக்கு வருவாரா, என் கோலில் இரண்டு வரிசைக் கல் போட வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். வாரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வெட்டைக் காட்டினேன், அது எப்படி நகர்கிறது என்று காட்டினேன், பிரிகல்லைக் காட்டினேன். அந்தம்மா குனிந்து வெட்டின் உதட்டு மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். கடைசியில், "யாரு டீச்சர் இந்தக் கல்லை எல்லாம் எடுக்கச் சொன்னது?" என்றார்.

"மீட்டிங்குல முடிவு பண்ணினாங்க" என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

"அந்தத் தலைவருதான். கண்மாய்க் கரையில நின்னு அவரு சொன்னதை எங்க ஆளுகளே கேட்டுட்டு வந்தாங்க" என்றார். நான் மறுக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அவர் வீட்டுக்காரர் ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்துப் போனேன். சின்ன ஊரிலிருந்து ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டமே கடப்பாரையோடு நின்றது. பெரிய ஊர் வாரியில் அவர்கள் வேலைக்கு இறங்கியது அதற்கு முன்னால் எந்தக் காலத்திலும் இல்லை. பாறை உடைக்கிறவர் மேலே போய் ஒரு வரிசையைப் பார்த்துவிட்டு வந்தார். பெரிய கல்லுக்குக் குழி பறித்து, பாதி உடம்பு மண்ணுக்குள் போகிற மாதிரி இறக்கினார், தலையைத் தண்ணீர் வருகிற பக்கம் கொஞ்சம் சாய்த்து. இரண்டு பக்கமும் கரைக்குள் புதைத்தார். பெண்கள் இடுக்கில் எல்லாம் சின்னக் கல்லைத் திணித்துச் சம்மட்டியால் அடித்தார்கள். நான் எட்டு வைத்து அளந்து, குழி இங்கே, அடுத்த வரிசை அங்கே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குத் தலைவர் இரண்டு பேரோடு வந்து சேர்ந்தார்.

"இங்கிட்டு என்ன கூட்டம்? இவங்கள்லாம் யாரு?" என்றார்.

"என் ஆளுங்க. இது என் கோலுங்க" என்றேன். குரல் கிறீச்சென்று வந்தது.

"ஒரு கோலுக்கு நாப்பது ஆளா?"

"எத்தனை ஆளுன்னு முறையில இல்லைங்களே."

அவர் கூட வந்தவர்களில் ஒருவர், "இல்லதான்" என்று வாய்க்குள் சொல்லிவிட்டார். தலைவர் என்னையே பார்த்தார். இப்போது சொல்லப் போகிறார், பலகையை, செம்பை, கை தட்டினதை எல்லாம் இத்தனை பேர் முன்னால் போட்டு உடைக்கப் போகிறார் என்று நின்றேன். அவர் அதைச் சொல்லவில்லை. சொன்னால் கல் எடுத்த பெருமை தன் கையை விட்டுப் போய்விடுமே. துண்டை உதறிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு வரிசையும் முடிந்தன.

ஐப்பசி நாலாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பிள்ளைகள் வாசலில் நின்று ஓட்டில் வழிகிற தண்ணீரைப் பிடித்து விளையாடினார்கள். மலை இருக்கிற திசையே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் குடையோடு வாரிக்கு ஓடினேன். அந்தம்மாவும் வீட்டுக்காரரும் எனக்கு முன்னாலேயே கரையில் நின்றார்கள். குடை இரண்டாம் நிமிஷமே மடங்கிப்போயிற்று. செந்தண்ணீர் பிரிகல்லில் மோதி இரண்டாகப் பிரிந்து வந்துகொண்டிருந்தது. எங்கள் வரிசையில் விழுந்து நுரைத்தது. கீழே வெட்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, பொத் பொத்தென்று மண் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் சத்தம் கொஞ்சம் பக்கத்தில் கேட்டது. கீழ் வரிசையின் ஓரத்தில் ஒரு கல் அசைந்தது, திரும்பியது, போய்விட்டது. பாறை உடைக்கிறவர், "ஒண்ணுதான். மத்தது நிக்கும்" என்றார். அவர் குரலிலும் உறுதி இல்லை. இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றோம். அந்தக் கல் வரிசை பிய்த்துக்கொண்டு போனால் நானும் இந்த ஊரை விட்டுப் போய்விட வேண்டியதுதான் என்று முடிவு பண்ணியிருந்தேன். எங்கே போவேன் என்று தெரியாது.

மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். வெட்டு கீழ் வரிசையின் காலடி வரைக்கும் வந்து நின்றிருந்தது, இடுப்பளவு ஆழத்தில். அதற்கு மேலே ஒரு விரல்கூட ஏறவில்லை. இரண்டு வரிசைக்கும் நடுவில் நான் அளந்த இடத்திலேயே குழி விழுந்து தெளிந்த தண்ணீர் கிடந்தது. பிரிகல்லில் தண்ணீர் பழையபடி பிரிந்து இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தது. நான் அங்கே தனியாக உட்கார்ந்து அழுதேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

நாலு மழையில் ஊருணி நிறைந்தது. நிறைந்த அன்றைக்குச் சின்ன ஊரில் பொங்கல் வைத்தார்கள். முதல் குடம் எப்போதும் சாமிக்கு. அந்த வருஷம் இரண்டாம் குடம் டீச்சருக்கு என்று ஊர் கூடி முடிவு பண்ணியிருந்தார்கள். எனக்கு மாலை போட்டார்கள். பெஞ்சு கொண்டுவந்து உட்காரச் சொன்னார்கள், நான் உட்காரவில்லை. நிஜத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பும்போதே நினைத்து வந்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

அந்தம்மா புதுத் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏந்திக்கொண்டு வந்தார். இரண்டு கையையும் குவித்து வாயருகே வைக்கச் சொன்னார். ஊற்ற ஆரம்பிக்கும்போது சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தப் புள்ள இல்லாட்டி நம்ம புள்ளைக நாக்கு வறண்டு செத்திருக்கும். கல்லை எடுக்கச் சொல்லி யோசனை சொன்னுச்சே ஒரு வாயி, அந்த வாயில மண்ணு விழ."

தண்ணீர் கையிலிருந்து வாய்க்குள் வந்துகொண்டிருந்தது. ஊரே ஆமாம் என்றது. வாய் நிறையத் தண்ணீர் இருந்ததால் பேச முடியவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அவர் நடுவில் ஒரு தடவை குடத்தை நிமிர்த்தி, போதுமா என்று கேட்டார். வாய் காலியாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் என்று கையை நீட்டினேன்.